பழைய கார் இன்ஜின்: மிஸ்ஸிங், டேப்பட் சத்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நிற்பது 1984 மாடல் அம்பாசிடர். அப்புச்சி வாங்கியது. கோபியிலிருந்து ஈரோட்டுக்கும், பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கும் போய்ப் பழகிய வண்டி. அது இன்னும் ஓடுகிறது என்று தெரிந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க, வண்டி ஐட்லிங்கில் நடுங்குது, வால்வு சத்தமும் வருது. இன்ஜினைப் பிரிக்கணுமா?"

நான் மெக்கானிக் இல்லை. பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் கூடவே நின்று, சில தப்புகளைக் கைக்காசு போட்டுச் செய்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். அம்பாசிடர், பத்மினி, கார்பரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி போன்ற பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும்.

மிஸ்ஸிங்கும் டேப்பட் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் ஒரே காரணம்தானா?

பல நேரம் இல்லை. மிஸ்ஸிங் என்பது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் நொண்டுவது. டேப்பட் சத்தம் என்பது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடித் தட்டுவது. இரண்டும் ஒரே நாளில் காதில் விழுந்ததால் நாம் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். டேப்பட் இடைவெளி கொஞ்சம் கூடிப்போன இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டே சீராக ஓடும். மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினில் பாதிக்குமேல் பிளக், பாயிண்ட், பிளக் வயர், காற்றுக் கசிவு என்று வெளியே இருக்கும் சமாச்சாரம்தான். அதனால் இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். செலவு குறைந்ததை முதலில் பாருங்கள். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பாகம்) கழற்றுவது கடைசி.

கேட்பது டேப்பட் சத்தம்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் வேகத்தைக் கவனியுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்றுதான் சுற்றும். ஐட்லிங் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறக்கும், அதாவது நொடிக்கு ஆறேழு தட்டு. ஒரே ஒரு டேப்பட் லூஸாக இருந்தால் அந்தத் தட்டைக் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், கனமாக "தொம் தொம்" என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் அது கீழே பேரிங் பக்கம். அப்படிக் கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டோ கட்டி இழுத்தோ பட்டறைக்குப் போங்கள்.

டேப்பட் சத்தம் மெல்லியது, வறண்டது. சோமனூர்ப் பக்கம் தெருவில் நடந்தால் உள்ளே ஒரு தறி ஓடுவது கேட்குமே, அதைத் தூரத்திலிருந்து கேட்டால் எப்படியோ அப்படி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்டால் எந்த இடத்தில் தட்டுகிறது என்பது தெளிவாகும். தோளில் துண்டு போட்டிருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

டைமிங் லைட் (பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒரு பிளக் வயரில் மாட்டினால் அது இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை மின்னும், கேம் வேகத்தில். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்று கூடவே வந்தால் சத்தம் வால்வு பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் கிராங்க் பக்கம்.

காலையில் சத்தம் அதிகம், பத்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது. இது டேப்பட்டா?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கேஸ்கட்டில் சின்னக் கீறல் இருந்தால் புகை "டிக் டிக்" என்று அச்சு அசலாக டேப்பட் மாதிரியே வெளியேறும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் அடங்கும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் தட்டு "சஃப் சஃப்" என்று மாறினாலும் இதுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேனிஃபோல்டு ஓரமாகக் கையைக் கொண்டுபோனால் (தொடாமல்) புகை ஊதுவது தெரியும். கசிந்த இடத்தில் கரி படிந்திருக்கும். டேப்பட்டை மூன்று முறை அட்ஜஸ்ட் செய்தும் சத்தம் போகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சமவெளியில் சத்தமே இல்லை. திம்பம் ஏறும்போது மட்டும் "கல் கல்" என்று வால்வு அடிக்கிறது. ஏன்?

அது வால்வு இல்லை. நம் ஊரில் பலர் அதை வால்வு சத்தம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உள்ளே பெட்ரோல் கலவை முறையாக எரியாமல் படீரென்று வெடிப்பதால் வரும் நாக்கிங் அது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே இழுக்கப் பார்ப்போம். சுமை அதிகம், சுற்று குறைவு, இன்ஜின் கொதி நிலையில் இருக்கும். கூடவே டைமிங் அட்வான்ஸ் கொஞ்சம் கூடி பிளக் முன்கூட்டியே பொறி விட்டாலோ, பிஸ்டன் மேல் கரி படிந்திருந்தாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தாலோ தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டியது போலக் கேட்கும்.

கியரைக் குறைத்துப் பாருங்கள், நின்றுவிடும். அப்புறம் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதற்காக டேப்பட் கவரைக் கழற்றினால் அன்றைய பொழுது போகும், அவ்வளவுதான். ஆனால் அலட்சியமாகவும் விடாதீர்கள். தொடர்ந்து அடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. ஐட்லிங்கில் வைத்து, காப்பிடப்பட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி மாட்டுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் இன்ஜின் சட்டென்று தொய்யும். எதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் சோம்பேறி. மாருதி 800-இல் மூன்றே சிலிண்டர் என்பதால் ஒன்று படுத்தாலே வண்டி உதறும். கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல், மின்னணுப் பெட்டி சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் மட்டும் இப்படிப் பிடுங்காதீர்கள். மின்னணுப் பெட்டி அடிபடும், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

இன்னொரு பழைய சோதனை: சைலன்சர் வாயில் ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளினால் சரி. நடுநடுவே உள்ளே இழுத்தால் ஒரு சிலிண்டர் எரியவில்லை, அல்லது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை.

சிலிண்டர் தெரிந்துவிட்டது. அடுத்து?

அந்த பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. வெளேர் என்று இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. பிறகு பக்கத்து சிலிண்டர் பிளக்கோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்கை மாற்றுவதோடு கதை முடிந்தது.

மாறவில்லை என்றால் வயர், டெல்கோ (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி, ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர் என்று வரிசையாக வாருங்கள். அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினுக்கு பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 தௌ கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். டெல்கோ மூடியை இருட்டில் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தலைமுடி போல ஒரு கரிக்கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியே திருட்டுத்தனமாகப் போகிறது. வால்பாறையில் மழைநாளில் காலையில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் இந்த மூடிக்குள் ஈரம்தான். துணியால் துடைத்து வெயிலில் காய வைத்தால் வண்டி எழுந்துவிடும்.

ஐட்லிங்கில் மட்டும் நடுக்கம், வேகத்தில் சரியாக ஓடுகிறது என்றால்?

காற்றுக் கசிவு. கார்பரேட்டருக்குக் கீழே இருக்கும் கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பு, வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ். ஆயில் கேனால் இணைப்பின் மேல் துளி எண்ணெயைப் பீய்ச்சுங்கள். அந்த இடத்தில் இன்ஜின் ஓட்டம் ஒரு கணம் மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சூடான மேனிஃபோல்டின் மேல் அந்த விளையாட்டு வேண்டாம்.

"டேப்பட்டைக் கொஞ்சம் டைட் வைத்தால் சத்தம் போயிரும்" என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வால்வு சூட்டில் நீளும். நீளும்போதும் அது சீட்டில் (மூடும்போது வால்வு பதிந்து உட்காரும் விளிம்பு) முழுதாக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளியே. எக்ஸாஸ்ட் வால்வு செக்கச்செவேல் என்று காய்வது. அந்தச் சூட்டை அது இறக்கி வைப்பது முக்கியமாகச் சீட்டில் உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான். இடைவெளியைப் பிடித்துவிட்டால் வால்வு சீட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சூடு இறங்காது. ஓரம் கருகும், அந்த வழியாக நெருப்பு பீறிடும், பிறகு ஓட்டையாகும். லூஸான டேப்பட் சத்தம் போட்டுக் கூப்பிடும். டைட்டான டேப்பட் வாயே திறக்காது.

என் கதை இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். "சத்தமே இல்லாம வெச்சுத் தர்றேனுங்" என்றார். தந்தார். பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது சொந்தக்காரர்கள் புதுவண்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமை. ஆறு மாதத்தில் காலை ஐட்லிங்கில் மெல்ல ஒரு நடுக்கம். பிளக் மாற்றினேன், பாயிண்ட் மாற்றினேன், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். மூன்றாவது சிலிண்டர் எழவே இல்லை. கடைசியில் ஹெட்டைக் கழற்றியபோது அண்ணன் அந்த வால்வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு துண்டு காணவில்லை. சீட்டில் அதே இடத்தில் நீலம் பாய்ந்த ஒரு தடம். "கல்யாணத்துக்குக் குடுத்த மொய் தம்பி இது" என்றார்.

அப்படியானால் சரியான இடைவெளி எவ்வளவு? எப்படி வைப்பது?

உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவு எதுவோ அது. குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டுமா, சூட்டிலா என்பதையும் அதிலேயே பாருங்கள். இரண்டையும் குழப்பினால் அளவு வைத்தும் பயனில்லை. பழைய 1489 சிசி அம்பாசிடருக்கு நாங்கள் வைப்பது 15 தௌ.

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ் ராடு (கேம் ஒரு தண்டு வழியாக ராக்கரைத் தள்ளும்) இன்ஜினுக்கு ஒன்பதுக் கணக்கு என்று ஒரு சுலபம் உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். பிளக்கெல்லாம் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவது லேசு. எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது முதலாவதை அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஏழு அமுங்கினால் இரண்டு, ஆறு அமுங்கினால் மூன்று. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். அம்பாசிடரில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், மற்றவை இன்டேக். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வெண்ணெயில் கத்தி போல் வழுக்கினால் லூஸ். இழுத்தால் வளைந்தால் டைட். லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் ஒருமுறை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம்.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையே?

ராக்கர் ஆர்மைக் கழற்றி, வால்வு தண்டைத் தட்டும் அதன் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நாள்பட்ட ராக்கரில் அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் தகடு குழிக்குள் இறங்காது, மேலே பாலம் போட்டதுபோல் நிற்கும். கேஜ் 15 தௌ என்று சொல்லும். உண்மையில் 20 இருக்கும். அந்த முகத்தைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும் அல்லது ராக்கரை மாற்ற வேண்டும். ராக்கர் ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலும், அதிலுள்ள எண்ணெய்த் துளை கசடு பிடித்து அடைத்திருந்தாலும் இதே சத்தம்தான்.

கேம் மேடு தேய்ந்த இன்ஜினும் உண்டு. அப்போது ஒரு ராக்கர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக அமுங்குவது கண்ணுக்கே தெரியும். கார்பரேட்டர் வழியாகத் தும்மவும் செய்யலாம்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாமே?

கொஞ்சம் அமுங்கும். ஆனால் காலையில் அந்த ஆயில் ராக்கர் வரை ஏறத் தாமதமாகும், தேய்மானம் கூடும். கையேட்டில் சொன்ன தரமே போதும். டப்பாவில் வரும் சத்தம் நிறுத்தி மருந்துகளுக்கும் இதே பதில்.

வால்வா, ரிங்கா? ஹெட்டைக் கழற்றாமலே சொல்ல முடியுமா?

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) சொல்லும். இன்ஜின் சூடாக இருக்கட்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி நல்லதாக இருக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். என் வண்டியில் 130, 125, 85, 128 பவுண்டு வந்தது. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம்: 88. ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருந்தால் ரிங். ஏறாததால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் பங்சர் கடை கம்ப்ரஸர் போதும். அந்த பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, வண்டியை கியரில் போட்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றைக் கொடுங்கள். சீறல் கார்பரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட்.

ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு கெடும் என்கிறார்கள். எத்தனால் வேறு சேர்க்கிறார்களே?

முதலாவது உண்மை. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெத்தை போல இருந்தது. நாடு முழுக்க 2000-இல் ஈயம் நின்றது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டிய பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் சீட் மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். இறங்க இறங்க டேப்பட் தானாகவே டைட் ஆகும். அதாவது யாரும் தொடாமலே வண்டி சத்தம் குறைந்து "நல்லா" ஆகிவிடும்! அதனால் நீண்ட வேகப் பயணம் போகும் வண்டிகளில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இறுகியோ ஊறியோ போகும். கலவையிலும் பெட்ரோல் குறைந்த குணம் வரும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் டாங்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹோஸை எல்லாம் புதிதாக மாற்றிவிட்டேன், கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கொஞ்சம் கவனித்தோம். அதற்குமேல் பயப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஹெட் வேலைக்குக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மோட்டார் பம்ப் செய்து பழகிய கோயம்புத்தூர் லேத்துகளுக்கு இந்த வேலை புதிதல்ல. ஆனால் நாம் கேட்டால்தான் செய்வார்கள். முதலில் வால்வு கைடில் ஆட்டம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். கைடு தேய்ந்திருக்க சீட்டை மட்டும் வெட்டினால் வால்வு கோணலாகத்தான் உட்காரும், பணம் தண்டம். கைடு முதலில், சீட் பிறகு, லேப்பிங் (வால்வைச் சீட்டில் வைத்துத் தேய்த்துப் பொருத்துவது) கடைசி. எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் ரிங் போடச் சொல்லுங்கள். ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்காமல் வாங்கி வராதீர்கள். திரும்பி வந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளை மாட்டி, அறைகளில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி கொஞ்ச நேரம் விடுங்கள். போர்ட் வழியே கசிந்தால் லேப்பிங் இன்னும் பாக்கி.

வேலை முடிந்த பிறகு ஏதாவது கவனிக்கணுமா?

500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டை வரிசை மாறாமல் மறுபடி டார்க் செய்து (குறித்த அளவுக்கு இறுக்கி), டேப்பட்டை முழுக்க அளக்க வேண்டும். ஹெட் இறங்கினால் டேப்பட் அளவும் மாறும். பலர் இதைச் செய்வதில்லை, வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். என் வண்டியில் எட்டில் மூன்று வால்வுகள் 13 தௌ-க்கு இறுகியிருந்தன. 15-க்கு வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "இத்தனை செலவு பண்ணியும் சத்தம் வருதே?"

டேப்பட் கவரில் ஆயில் ஒழுகுகிறது. நட்டை இறுக்கினால் நிற்குமா?

தக்கை கேஸ்கட் பிதுங்கி இன்னும் ஒழுகும், தகரக் கவரும் வளையும். புது கேஸ்கட் வாங்கிப் போடுங்கள்.